உதடு தெரியாத இடம்

"இந்தப் பொண்ணு பொய் சொல்றா அண்ணா…"

கதவைப் பாதி திறந்த மைனா அப்படியே நின்றுவிட்டாள். மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கத்தான் அவள் டப்பிங் தியேட்டருக்குத் திரும்பி வந்தாள். தெருமுனைக்குப் போவதற்குள் மழை பிடித்துக்கொண்டுவிட்டது. துப்பட்டா நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே சவுண்ட் இன்ஜினியர் அண்ணனின் பக்கத்தில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உயரமாக ஒருத்தி. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது இவளுடைய குரல்தான்.

"கேளுங்க… அக்காகிட்டத் தலை வாரிக்கற மாதிரி பேசறா. யாரு இவ?"

அண்ணன் கண்ணாலேயே கதவைக் காட்டினார். உயரக்காரி திரும்பினாள்.

பெரிய கண்கள். கோபம் இன்னும் வடியாத கண்கள். ஆனால் மைனாவின் நெஞ்சு படபடத்தது அந்தக் கண்களால் அல்ல… குரலால். இந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக அவள் காதுக்குள்ளேயே இருந்த குரல்.

மைனா என்பது தியேட்டரில் அவளுக்கு வைத்த பெயர். எந்தக் கதாநாயகி வாயைத் திறந்தாலும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வாள். எதிரே நின்றவளைக் கரகரப்பு என்பார்கள். வில்லிகளுக்கும் விடலைப் பையன்களுக்கும் பேசிப் பேசியே பெயர் வாங்கியவள். ஒரே படத்துக்குப் பேசியும் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. டப்பிங்கில் அப்படித்தான். அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் வந்து, தனியாக நின்று, தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போவார்கள். முன்னால் பேசியவரின் குரல் ஹெட்ஃபோனில் வரும். அவ்வளவுதான் பழக்கம்.

இந்தப் படம் எங்கிருந்தோ வந்த வேற்றுமொழிப் படம். தீவுக்குப் படகு ஓட்டுகிற ஒருத்தி, தீவில் வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தி. இருவருக்கும் காதல். ஒரு மழை நாளில் நர்ஸ் பெட்டியோடு கிளம்பி நிற்க, படகுக்காரி ஒரே ஒரு வார்த்தை சொல்வாள்… "போகாதே." நர்ஸ் பதில் சொல்லமாட்டாள். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி நிற்பாள். பிறகு பெட்டியைக் கீழே வைப்பாள்.

அங்கேதான் மைனா அந்தக் காரியத்தைச் செய்திருந்தாள். முகம் தெரிகிற இடத்தில் உதட்டசைவுக்கு ஒட்டிப் பேசியாக வேண்டும். முதுகு தெரிகிற இடத்தில் உதடு இல்லை, எதை வேண்டுமானாலும் போடலாம். "இங்க ஒரு வரி சேர்த்துக்கவா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, அந்த முதுகின் மேல் ஒரு வசனத்தை ஏற்றிவிட்டாள்.

'நீ என் கூடப் பிறந்த அக்கா மாதிரி… உன்னை விட்டு எங்க போவேன்?'

ஒரே வரி. முழுப் படமும் வேறாகிவிட்டது.

"நான்தான் அந்தப் பொய் சொல்றவ," என்றாள் மைனா. "என்ன இப்ப?"

கரகரப்பின் முகம் சட்டென்று சிவந்தது. "மன்னிச்சுக்கோங்க… நீங்க நிக்கறது தெரியாது. ஆனா சொன்னதுல மாத்தம் இல்லைங்க. அந்த வரி படத்துலயே கிடையாது. எடுத்துடுங்க."

"எடுக்க முடியாது."

"ஏன்?"

"என் குரல். என் இஷ்டம்."

"அவங்க ரெண்டு பேரும் காதலிக்கறாங்க! அதை அக்கா தங்கச்சினு சொல்ல உங்களுக்கு வாய் எப்படி வந்தது?"

"உங்களுக்கு மட்டும் ஏன் இப்படிப் பொத்துக்கிட்டு வருது? நீங்க என்ன நிஜமாவே படகு ஓட்டறீங்களா?"

அண்ணன் இருமினார். "ரெண்டு பேரும் கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா… நாளைக்கு மத்தியானம் படத்தை அனுப்பியாகணும். மாத்தறதுனா காலையில வாங்க. மைனா குரல், மைனாதான் முடிவு பண்ணணும்."

மைனா விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது… குடையை மறுபடியும் மறந்தாயிற்று. இனிமேல் திரும்பிப் போனால் மானம் போய்விடும். மழையிலேயே நடந்தாள்.

"ஏங்க… குடைங்க!"

பின்னால் ஓடிவரும் காலடி. கரகரப்பு குடையை விரித்து இவள் தலைக்கு மேலே பிடித்தாள். அவள் நனைந்துகொண்டிருந்தாள். இமைகளில் நின்ற துளி ஒன்று கன்னத்தில் இறங்கியது… மழைத்துளிதானா என்று மைனாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"கோபப்படாம கேளுங்க. என் குரல் இப்படிங்கறதால, பொண்ணை நேசிக்கற பொண்ணு எந்தப் படத்துல வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. எல்லாரும் செத்துட்டாங்க. ஒருத்தி மாடியில இருந்து குதிச்சா. ஒருத்தி ஆத்துல போனா. ஒருத்தியை அண்ணன்காரனே கொன்னான். ஒவ்வொருத்திக்கும் கடைசி மூச்சு விட்டது நான்தான். வீட்டுக்குப் போனா தொண்டையில சோறு இறங்காது…"

மைனா குடைக்குள் அவளுக்கும் இடம் விட்டு நகர்ந்தாள்.

"இந்தப் படத்துல யாரும் சாகலைங்க. கடைசி சீன் பார்த்தீங்க இல்ல? ரெண்டு பேரும் மீன் வாங்கிட்டு, எவ்வளவு கொடுத்து ஏமாந்தோம்னு சண்டை போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போறாங்க. அவ்வளவுதான். நான் அதுக்காகத்தான் சம்பளம்கூடப் பேசாம ஒத்துக்கிட்டேன். அதையாவது விட்டு வைங்க…"

குடையை இவள் கையில் திணித்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள். கைப்பிடி சூடாக இருந்தது.

வீட்டில் அம்மா டிவி முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் பேசிய படம் ஒன்று விடாமல் பார்ப்பவள். முகம் யாருடையதாக இருந்தாலும், "என் பொண்ணு அழறா பாரு," என்று தானும் அழுதுவிடுவாள்.

அதனால்தான் அந்தப் பழைய நாள் மைனாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. தோழியை நேசித்து, விஷம் குடித்துச் செத்துப்போன ஒரு பெண்ணுக்கு அவள் பேசியிருந்தாள். படம் முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்… "பாவம். அவளுக்கு வேற வழி ஏது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று. அன்றைக்கு மனசைப் பூட்டியதுதான். யாரிடமும் திறக்கவே இல்லை.

"ஏண்டி நனைஞ்சு வந்திருக்க? குடைதான் கையில இருக்கே?"

"அம்மா… ஒண்ணு கேட்கட்டா? விஷம் குடிச்சாளே ஒருத்தி, ஒரு படத்துல… அவளுக்கு வேற வழி ஏதுன்னியே, ஞாபகம் இருக்கா?"

அம்மாவின் கை துணியிலேயே நின்றது. மகளை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இருக்கு. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்லை எனக்கு."

"ஏம்மா?"

"உன் குரல்ல ஒருத்தி செத்தா எனக்கு எப்படிடி தூக்கம் வரும்?" அம்மா புடவையை மறுபடி உதறினாள். "வேற வழி ஏதுன்னு சொன்னேன், ஆமா. பொழைச்சவளை எவன் காட்டினான்? எடுக்கற படத்துல எல்லாம் கொன்னே போட்டா, எனக்கு என்ன தெரியும்? ஒருத்தி நல்லா இருந்தா, நல்லா இருக்கான்னு பார்த்துட்டுப் போறேன்."

"நிஜமாவா?"

"தலையைத் துவட்டு முதல்ல."

மைனா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து வந்து, அவள் கையிலிருந்து துண்டை வாங்கித் தானே துவட்ட ஆரம்பித்தாள். எதுவும் கேட்கவில்லை. கை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது.

மறுநாள் காலை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் அண்ணன். இந்தப் பக்கம் மைனா. மூலையில், வரலாமா கூடாதா என்று தெரியாமல் வந்து நின்ற கரகரப்பு.

"அந்த வரியை எடுத்துடுங்க அண்ணா. அங்க மூச்சு மட்டும் விடறேன். ஆனா… அவங்களும் கூட நின்னு பேசணும். ஹெட்ஃபோன்ல வேணாம்."

"ஒருத்தர் குரல் இன்னொருத்தர் மைக்ல ஏறும்மா…"

"ஏறட்டும் அண்ணா."

அண்ணன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

விளக்குகள் அணைந்தன. திரையில் மழை. பெட்டியோடு நர்ஸ். தோளுக்குத் தோள் படாமல், ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் திரையையே பார்த்து நின்றார்கள்.

"போகாதே," என்றாள் கரகரப்பு.

திரையில் முதுகு திரும்பியது. மைனா மூச்சை இழுத்தாள். விட்டாள். அதில் ஒரு விம்மலும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் அதைத் தடுக்கவில்லை. நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஓகே," என்றார் அண்ணன்.

மைனா மைக்கைவிட்டு நகரவில்லை. இப்போது சொல்லாவிட்டால் ஜன்மத்துக்கும் சொல்லமாட்டோம் என்று தோன்றிற்று.

"நேத்து ஏன்னு கேட்டீங்க இல்ல… பயம். வேற ஒண்ணும் இல்லை. நீங்க 'போகாதே'ன்னு சொன்னது முதல் தடவை காதுல விழுந்தப்போ வசனப் பேப்பரைக் கீழே போட்டுட்டேன். யாரு, எப்படி இருப்பாங்கன்னு எதுவுமே தெரியாது. வெறும் குரல். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன்… அண்ணனைக் கேளுங்க. அப்புறம் எங்கே என் குரலைக் கேட்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமோன்னு… அக்கான்னு சொல்லிட்டேன். நீங்க எனக்கு அக்கா இல்லை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் அவசர அவசரமாக ஹெட்ஃபோனைக் கழற்றி, எல்லாருக்கும் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டிவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார்.

கரகரப்பு அசையவில்லை. ஐயோ… உளறிவிட்டோமே! படத்துக்காகக் கோபப்பட்டவளிடம் போய் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம்! மைனாவுக்குக் காது மடல் கொதித்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கதவை நோக்கித் திரும்பினாள். குடை மூலையிலேயே கிடந்தது.

கதவில் கை வைத்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்தது. நேற்றுவரை 'ங்க' போட்டுப் பேசிய குரல்.

"போகாதே."

மைனா திரும்பிப் பார்த்தாள். திரை இருட்டாக இருந்தது. படம் எதுவும் ஓடவில்லை.

கைப்பையைக் கீழே வைத்தாள்.