தரிசு என்று எழுதிய குளம்

இரண்டாவது குளத்தை அளந்து முடித்து அளவுச் சங்கிலியைச் சுருட்டும்போதுதான் சர்வேயர் சுயம்புலிங்கம் கவனித்தார், அது நனைந்திருந்தது. எண்பத்துமூன்றாம் வருஷத்துக் கோடை. சிவகிரி மலையடியிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் வரை ஒரு குளத்திலும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பாளம் பாளமாக வெடித்த மண்ணில் காலையிலிருந்து இழுபட்ட அந்த இரும்பிலிருந்து, நாள்பட்ட படித்துறையில் வருவதுபோலப் பாசி வாடை வீசியது.

ஆற்றிலிருந்து எந்தக் குளத்துக்கு எந்த ஓடை வழியாகத் தண்ணீர் போகிறது என்று புதுப் படம் போடும் வேலை அவருக்கு. சங்கரன்கோவிலிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார். வழி காட்டவும் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கவும் காலையில் தானாக வந்து நின்றவள் இசக்கியம்மாள். நாற்பது வயதிருக்கும்.

"மொத்தம் எத்தனை குளம்மா?"

"ஆறு சார்."

"லிஸ்டுல அஞ்சுதான இருக்கு."

அவள் சங்கிலி முனையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

நாலாவது குளத்தில், உடைமுள் மரங்களுக்கு அந்தப்பக்கம் எங்கோ கரையில் அலை மோதுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. அவர் நின்றால் அதுவும் நின்றது. ஐந்தாவது குளத்தை முடித்து ஜீப்பில் ஏறும்போது டிரைவர் நல்லக்கண்ணு அவர் காலைப் பார்த்தான்.

"எங்கன போயி நனைச்சிய சார்?"

பேண்ட் முழங்கால் வரை ஈரம்.

பொழுது சாய, இசக்கியம்மாள் ஓர் ஓடையோரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓடையின் வாயை மண்போட்டு அடைத்திருந்தது. அந்த இடத்துக்கு அவர் வந்ததில்லை. ஆனால் எந்த இடம் என்று தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவர் மச்சானுக்குப் பருத்தி போட நிலம் வேண்டியிருந்தது. மச்சான் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே, இங்கே குளமில்லை, தரிசு என்று எழுதிக் கொடுத்தார். அந்த எழுத்தைக் காட்டித்தான் ஓடையை அடைத்தார்கள். அடுத்த கோடையில், கீழே இருந்த குடியிருப்பில், குளத்துத் தண்ணீர் இல்லாமல் பள்ளத்துத் தண்ணீரைக் குடித்துப் பதினோரு பேர் காலராவில் செத்தார்கள். பேப்பரில் வாசித்துவிட்டு மடித்து வைத்தார். அன்றைக்கும் சோறு வழக்கம்போல இறங்கியது.

கரையேறினார்.

குளம் தளும்பி நின்றது. கரை விளிம்பு வரை தண்ணீர், கறுப்பாக. அதனடியில், தரையில், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"என்ன சார் பாக்கிய? வெறும் முள்ளுக்காடுல்லா," என்றான் பின்னாலிருந்து நல்லக்கண்ணு.

இசக்கியம்மாள் சங்கிலியின் ஒரு முனையோடு உள்ளே இறங்கிவிட்டிருந்தாள். தண்ணீர் அவள் தலைக்குமேல் மூடியது. சேலை நனையவில்லை. பேச்சு மட்டும் காதோரம் கேட்டது.

"இங்கன தண்ணியே கிடையாதுன்னு நீங்கதான சார் எழுதினிய? பயப்படாம வாங்க."

கையிலிருந்த மறுமுனையை விட்டுவிடப் பார்த்தார். விரல்கள் விரியவில்லை. இழுத்தாள்.

"எம்பிள்ளைய ரெண்டும் உள்ளதான் இருக்கு. அளந்து எழுதிட்டுப் போங்க."

"தெரியாம எழுதிட்டேன்மா."

"தெரிஞ்சுதான் எழுதினிய."

முழங்கால். இடுப்பு. அப்படியொரு குளிர்.

"நல்லக்கண்ணு! பிடிலே!"

கரையில் நின்றவன் கண்ணுக்கு, சார் காய்ந்த தரையில் நின்று கையை ஆட்டுவதுதான் தெரிந்தது. அவனும் கையை ஆட்டினான்.

"மெதுவா அளந்துட்டு வாங்க சார். நான் வண்டில இருக்கேன்."

திரும்பி நடந்தான். நடந்துகொண்டே பீடியைப் பற்றவைத்தான்.

கழுத்து. தாடை.

தண்ணீர் மூடியது.

கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு பேர். அத்தனை தண்ணீருக்குள்ளும் உதடுகள் வறண்டு வெடித்திருந்தன. ஓரத்தில் இரண்டு பிள்ளைகள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டன. இசக்கியம்மாள் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

ஆடு ஒன்று பக்கத்தில் வந்து காய்ந்த புல்லைக் கடித்தது. அதன் மூச்சு சூடாக அவர் கன்னத்தில் பட்டது.

அவர் வாயைத் திறந்தார். தண்ணீர் உள்ளே வந்தது.