தூசி அழுதால்

சுவர் இன்னும் வரவில்லை.

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி இருட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண். பள்ளி அரங்கத்தின் நடுவே விசிறி வைத்து ஊதி நிறுத்திய துணிக் கூடாரம்தான் இது. உள்ளே உட்காரவைத்து, அண்டவெளிப் படம் காட்டுவார்கள். நாலு எட்டு வைத்தால் எதிர்ப்பக்கத் துணி மூக்கில் இடிக்கும். படம் முடிந்து எல்லோரும் தவழ்ந்து வெளியேறிய பிறகு, மறந்துபோன தண்ணீர் பாட்டிலுக்காக அவள் மட்டும் திரும்ப உள்ளே வந்தாள். இப்போது வாசலும் இல்லை, துணியும் இல்லை. சூடேறிய ரப்பர் வாடை, எங்கோ வெகுதொலைவில் காற்றூதும் விசிறியின் முனகல், படத்தை நிறுத்திய பிறகும் தலைக்குமேல் அணையாத நட்சத்திரங்கள்.

"சார்! ஜிப்பைத் திறங்க சார்!"

குரல் எதிலும் பட்டுத் திரும்பவில்லை.

"கத்தாத நெட்டை. தொண்டைதான் வலிக்கும்."

கால்கள் அப்படியே நின்றுவிட்டன. அவளை நெட்டை என்று கூப்பிடும் துணிச்சல் வகுப்பில் ஒருவனுக்குத்தான் இருந்தது. பொடியன். போன வருஷம் அவன் இதே கூடாரத்துக்குள் தனியாக இருந்தபோது, விசிறியின் ஒயரைப் பிடுங்கியது அவள்தான். துணி மெல்ல அவன்மேல் படிந்து, புடைத்துப் புடைத்து அசைந்ததைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தப் பிரபஞ்சத்துல நீயெல்லாம் ஒரு தூசிடா. தூசி அழுதா யாருக்குக் கேக்கும்?"

அவனுக்கு ஏற்கெனவே இளைப்பு. வெளியே இழுத்தபோது உதடுகள் நீலம், மூச்சு இல்லை. ஒயர் தானாகக் கழன்றதென்றே எல்லோரும் நம்பினார்கள்.

"பொடியா... விளையாட்டுக்குத்தாண்டா செஞ்சேன்."

"தெரியுமே. நானும் விளையாட்டுக்குத்தான். மேல பாரு."

பார்த்தாள். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி மிதந்து வந்தது. அதன்மேல் எறும்பைவிடச் சின்னதாக ஏதோ நின்று அண்ணாந்து பார்த்தது. இவள் கையைத் தூக்கினாள்.

அதுவும் தூக்கியது.

"இங்கேருந்து பாத்தா நீ எவ்ளோ குட்டியா இருக்க தெரியுமா?"

விசிறி நின்றது.

ஒரு நட்சத்திரம் இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மொத்த வானமும் தொய்ந்து, சுருங்கி, அவசரமே இல்லாமல் கீழே வந்தது. முதலில் அவள் உதடுகளைத் தொட்டது.

வெளியே, மிக மிகத் தொலைவில், ஆசிரியரின் குரல்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்!"

இவ்வளவு சின்னவளை யார் தேடுவார்கள்?