கமராவில் ஒட்டிய கறுப்பு டேப்

பாலமுனையில் ஸஹ்றா படிக்கும் பாடசாலைக்குப் படம் எடுக்க, கல்முனையிலிருந்து மர்ஷூதா வந்திருந்தார். பிள்ளைகளுக்கு அவர் ராத்தா, அதாவது அக்கா.

அவருடைய கமராவின் முன்பக்கத்தில், கம்பனிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஐந்தாம் தரத்து ஸஹ்றாவின் கண் அதிலேயே நின்றது.

"பெயர ஏன் மறைக்கணும்?" என்று வகுப்புத் தோழன் றினாஸிடம் கேட்டாள். பதிலையும் அவளே சொன்னாள். "களவெடுத்த கமராவா இருக்குமோ?"

சும்மாதான் சொன்னாள். ஆனால் இடைவேளை முடிவதற்குள், "அந்தக் கமராவப் பொலிஸ் தேடுதாம்!" என்று ஒருத்தி ஸஹ்றாவிடமே வந்து சொன்னாள்.

முதலாம் தரத்துக்குப் படம் எடுக்கும் நேரம் வந்தது. சின்னப் பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தும் வேலை ஸஹ்றாவுக்கு.

"எங்க, சிரிங்க பார்ப்பம்!" என்றார் மர்ஷூதா.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் நின்ற சின்னவள் அம்ஹா மட்டும் கையை உயர்த்தினாள்.

"ராத்தா, உங்களப் பொலிஸ் இப்பவே புடிக்குமா? இல்ல, படம் எடுத்து முடிஞ்ச பொறகா?"

மர்ஷூதாவின் முகம் வாடிப்போனது. "ஆரு புள்ள அப்படிச் சொன்ன?"

அம்ஹாவுக்குத் தெரியவில்லை. பேசாமல் நின்றால் ஸஹ்றா தப்பிவிடலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் அவளால் அப்படி நிற்க முடியவில்லை.

"நான்தான், ராத்தா. உங்களக் கேக்காம நானா ஒண்டச் சொல்லிட்டன். மன்னிச்சிக்கங்க."

மர்ஷூதா அவளையே பார்த்தார். "சரி, இப்ப கேளன்."

"ஏன் டேப் ஒட்டியிருக்கீங்க?"

"டேப்ப உரிச்சிட்டு, அந்தக் கண்ணாடி அலுமாரிக்குள்ள இருக்கிற வெற்றிக் கிண்ணத்த ஒரு படம் எடு," என்று மர்ஷூதா கமராவை அவளிடம் கொடுத்தார்.

ஸஹ்றா டேப்பை மெல்ல உரித்தாள். உள்ளே பளிச்சென்று வெள்ளை எழுத்துகள். அலுமாரிக்குக் கிட்டப்போய்ப் படம் எடுத்தாள்.

"அல்லாஹ்! கிண்ணத்துக்கு மேல எழுத்து மிதக்குது! அதுவும் இடம்வலம் மாறி!"

டேப்பை மறுபடி ஒட்டி எடுத்தாள். இப்போது கிண்ணம் மட்டும்தான் தெரிந்தது.

"கண்டியா? வெள்ளை எழுத்து கண்ணாடியில பட்டுப் படத்துல விழாம இருக்கத்தான் டேப். இன்னொண்டும் இருக்கு," என்றார் மர்ஷூதா. "பெயரப் பார்த்தா, விலை கூடின கமரா எண்டு கள்ளனுக்கு விளங்கிடும்."

"அப்ப இது களவெடுத்த கமரா இல்ல. களவு போகாம ஒட்டின கமரா!"

"ஓம்!" என்று மர்ஷூதா சிரித்துவிட்டார்.

ஸஹ்றா றினாஸையும் இழுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஓடினாள். பொய் போன இடமெல்லாம் போய், "நான் சொன்னது பிழை" என்று சொல்லி, டேப்பின் கதையையும் விளக்கினாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, முதலாம் தரத்தின் படம் எடுத்து முடிந்திருந்தது.

"ராத்தா, உங்கள ஆரு படம் எடுக்கிற?"

"என்னையா? ஒருத்தருமில்ல. நான்தானே எப்பவும் கமராவுக்குப் பின்னால நிக்கிறன்."

ஸஹ்றா இரண்டு கைகளையும் நீட்டினாள். மர்ஷூதா கமராவைக் கொடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே போய் நின்றார்.

மூன்று முறை எடுத்தும் மூன்றிலும் கண்ணை மூடியிருந்தார். நான்காவது முறை அம்ஹா அவர் காதில் ஏதோ சொல்ல, கண்ணை அகலத் திறந்து வாய்விட்டுச் சிரித்தார். அந்த நொடியில் ஸஹ்றா விரலை அழுத்தினாள்.