கழுகுமேட்டுக் கரி

“அமாவாசைக்குள்ள கரியைக் காட்டணும். இல்லேன்னா உன் புருசன் தலை கோட்டை வாசல்ல தொங்கும்!”

கோடங்கிமலைப் பாளையக்காரர் இப்படிச் சொல்லியனுப்பியதும் வீராயி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் புருசன் மொக்கையன், ஆனைப்பாறைப் பாளையத்தின் எல்லைக் காவல்காரன். கழுகுமேட்டில் இருந்த எல்லைக்கல்லைக் கோடங்கிமலைப் பக்கம் நகர்த்திவிட்டான் என்று அந்தப் பாளையத்தார் அவனைப் பிடித்துப்போய்ச் சிறையில் தள்ளியிருந்தார்கள்.

அவனை மீட்க ஒரே வழிதான். எல்லைக்கல் நடும்போது குழியில் கரியைக் கொட்டி, அதன்மேல் கல்லை நிறுத்துவது அந்த மலைநாட்டு வழக்கம். கல்லை யாரும் பெயர்த்துவிடலாம். மண்ணுக்குள் கிடக்கும் கரி மக்காது. கல்லுக்கு அடியில் கரி இருந்தால் மொக்கையன் பிழைத்தான்!

துணைக்குக் கொழுந்தன் சடையன் வந்தான். எதிர்ப்பக்கத்துச் சாட்சியாகக் கோடங்கிமலைச் சிப்பாய் திம்மையன் வந்தான். சிடுமூஞ்சி! வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தான்.

காட்டாற்றில் வெள்ளம் சீறிக்கொண்டு போனது. பாதி ஆற்றில் திம்மையன் கால் வழுக்கியது. சடையன் பாய்ந்து அவன் குடுமியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டான்.

“எதிராளிய எதுக்குய்யா காப்பாத்துற?” என்று இருமினான் திம்மையன்.

“சாட்சி செத்துட்டா எங்கண்ணன் கதி என்னாகுறது? எந்திரியும், நடையைக் கட்டும்!”

திம்மையன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தான்.

கழுகுமேட்டில் மழை கொட்டியது. மூவரும் கல்லைச் சாய்த்துவிட்டுத் தோண்டினார்கள். இடுப்பளவு தோண்டியும் வெறும் செம்மண்தான்! வீராயி விடாமல் இன்னும் ஆழமாகக் குத்தினாள்.

“அப்போ உன் புருசன்தான் நகர்த்தியிருக்கான் தாயி,” என்றான் திம்மையன்.

“கொஞ்சம் பொறும்!” சடையன் சரிவை அண்ணாந்து பார்த்தான். “மதினி, மரமெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது பாருங்க. மேடே சரிஞ்சிருக்கு! கல்லை மனுசன் நகர்த்தல, மழை நகர்த்தியிருக்கு! கரி நேர் மேல, பழைய குழியிலதான் கிடக்கும்!”

அவன் ஈர மண்ணில் தொற்றி மேலேறினான். அங்கங்கே ஒரு கொம்பால் குத்திப் பார்த்தான். கடைசியில் இரண்டு கையிலும் கறுப்பாக எதையோ அள்ளிக் காட்டினான்.

“மதினி! கரி! எங்கண்ணன் பொழச்சுட்டான்!”

கரித்துண்டுகளைக் கீழே வீசினான். வீராயி ஓடிப் பொறுக்கினாள். அவள் நிமிர்வதற்குள் மேடு மறுபடி பிளந்தது. ஐயோ! சடையன் நின்ற இடமே இல்லை.

இருட்டும்வரை இருவரும் கையால் மண்ணை வாரினார்கள். அவன் தோள்துண்டுகூடக் கிடைக்கவில்லை. மறுநாள் அமாவாசை. அவனை அப்படியே விட்டுவிட்டுத்தான் வீராயி நடக்க வேண்டியிருந்தது. பாவி மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

கோடங்கிமலைக் கோட்டையில் மேளம் முழங்கியது. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். நவாப் படை வருகிறதென்று சேதி வந்ததாம். உடனே இரண்டு பாளையக்காரர்களும் சம்பந்தி ஆகிவிட்டார்களாம். கழுகுமேடு ஆனைப்பாறைப் பெண்ணுக்குச் சீராகக் கோடங்கிமலைக்கே போய்விட்டதாம்!

வீராயி நீட்டிய கரியைப் பிரதானி முகம் சுளித்துப் பார்த்தார். “கல்யாண வீட்டுக்குள்ள இதென்னம்மா அழுக்கு? வெளியே கொட்டு.”

“நான் கண்ணால பார்த்தேன் சாமி! மொக்கையன் மேல தப்பில்ல!” என்று திம்மையன் கத்தினான். யார் காதிலும் ஏறவில்லை. பெரிய இடத்துக்காரர்கள் முறைத்துக்கொண்டாலும் கொஞ்சிக்கொண்டாலும் மண்ணைச் சுமப்பது நாம்தான். வேறென்ன சொல்ல!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொக்கையன் ஓடிவந்தான். கழுத்தில் கல்யாணக் கூட்டத்தார் போட்ட மாலை.

“என்னை முந்தாநாளே விட்டுட்டாங்க புள்ள! ஊருக்கு ஓடினா வீடு பூட்டிக் கிடக்கு. என்னைத் தேடி இங்கதான் வருவீங்கன்னு திரும்பி வந்தேன். எங்க போயிருந்தீங்க? தம்பி எங்க?”

அவன் உயிரோடு நிற்பதைப் பார்த்து வீராயிக்குச் சந்தோஷம் பொங்கியது. அப்படிப் பொங்கியதற்காகவே வெட்கமாகவும் இருந்தது. “கழுகுமேட்டுல, மண்ணுக்குள்ள,” என்றாள்.

மொக்கையன் மாலையைப் பிய்த்து எறிந்தான். வீராயி தோளிலிருந்த கடப்பாரையை எடுத்தான். வாசல் காவலன் குறுக்கே வந்தான்.

“அது இப்ப சீர் நிலம். உத்தரவில்லாம யாரும் தோண்டக் கூடாது.”

திம்மையன் தன் சிப்பாய்த் தலைப்பாகையைக் கழற்றிக் காவலன் காலடியில் போட்டான்.

“இதை உள்ள குடுத்துரு. வாங்கண்ணே, இடம் எனக்குத் தெரியும்.”