காலிப் பெட்டியில் ஒரு கொலையாளி!

"ஐயய்யோ... கொலை! கொலை!"

அலறல் இரண்டாவது லைனிலிருந்து கிளம்பியது.

ஒரகடத்தில் கார் சீட் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கேன்டீனில் பொங்கலுக்குள் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்த யதுகிரி நிமிர்ந்து சுவர் டி.வி.யைப் பார்த்தாள். ஸ்பூன் தட்டில் விழுந்தது.

ஹெல்மெட் அறிவுரை ஓட வேண்டிய இடத்தில்...

ரத்தச் சிவப்பில் எழுத்துகள்!

'ஃபோம் கிடங்கில் பிணம்!
பிணம்: ரகுபதி, ஜெனரல் மேனேஜர்.
கொலையாளி: வனமாமலை, ஹெச்.ஆர். மேனேஜர்.
முதுகில் கத்தி! தரையில் ரத்தம்! இனி தப்ப முடியாது!'

கூடவே இருவரின் அடையாள அட்டை போட்டோக்கள். நடுவில் ஒரு கத்தி.

யதுகிரி பொங்கல் தட்டைத் தள்ளி வைத்தாள். பாவம், பொங்கல் மேல் தப்பில்லை.

அந்தச் சிவப்பு அவள் தேர்ந்தெடுத்தது. அந்தக் கத்தி அவள் வரைந்தது. 'இனி தப்ப முடியாது' கூட அவளுடைய சொந்தச் சரக்குதான்!

யதுகிரி அங்கே டிசைனர். டி.வி.யிலும் டச் ஸ்கிரீனிலும் எது எங்கே தெரிய வேண்டும் என்று டிசைன் டூலில் வரைந்து தருவது அவள் வேலை. வரையும்போது ஏதாவது மாதிரி எழுத்துகளைப் போட்டு இடத்தை நிரப்ப வேண்டும். மற்ற டிசைனர்கள் அர்த்தமில்லாத லத்தீனை அள்ளிப் போடுவார்கள். யதுகிரி கொலைக்கதை எழுதுவாள். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் அப்பாவுக்குத் தெரியாமல் அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

இதுவரை ஆபத்து வந்ததில்லை. அவள் வரைந்ததைப் பார்த்து புரோகிராமர் இசக்கிதுரை கையால் கம்ப்யூட்டர் கோட் எழுதுவான். பிணங்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் எழுதுவான்.

இன்றைக்கு அவனுக்கு என்ன வந்தது?

"யதுகிரி! பெரிய தப்பு நடந்துபோச்சு!"

அவனே ஓடி வந்தான். கையில் திறந்த லேப்டாப். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பதற்றம் ஏற ஏற ஊர்ப்பேச்சும் ஏறும்.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"காலைல ஒன் டிசைன் டூலை ஏ.ஐ. அசிஸ்டென்ட்கூட இணைச்சேம்லா... இனிமே நான் பாத்துப் பாத்து எழுத வேண்டாம், நீ வரைஞ்சத அதுவே நேரா பாத்துக் கோட் எழுதிரும்னு..."

"சரி, அப்புறம்?"

"பக்கத்த ரெடி பண்ணு, டி.வி.ல ஓட விடு, ஒரு பெட்டிகூட காலியா இருக்கப்படாதுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"எந்த டி.வி.?"

இசக்கிதுரை தரையைப் பார்த்தான்.

"எல்லா டி.வி.க்கும் அனுமதி குடுத்துருந்தேன்."

"டீ குடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா?"

"ஆறிப்போச்சுன்னா அது டீயா?"

"உடனே நிறுத்துடா! இன்னிக்கு ஆடிட் வேற!"

ஆமாம். சீட் வாங்கும் கார் கம்பெனியின் ஆடிட்டர் ஜயஸ்ரீ காலையிலேயே வந்து மாடியில் உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அடுத்த வருட ஆர்டர் இல்லை. யதுகிரிக்கு வேலையும் இல்லை!

இசக்கிதுரை விரலைக் கீபோர்டுக்குக் கொண்டுபோனான்.

"தொடாத!"

வாசலில் ஒரு காக்கி உருவம். இன்ஸ்பெக்டர் ஜோதி!

லைனிலிருந்து யாரோ போலீசுக்குப் போன் போட்டிருந்தார்கள். போலீசானாலும் சரி, பார்வையாளர் அட்டை இல்லாமல் உள்ளே விட மாட்டேன் என்று கேட்டில் செக்யூரிட்டி அடம்பிடித்து, வெப்கேமில் போட்டோ எடுத்து, அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். போட்டோவில் ஜோதிக்கு வாய் திறந்து, கண் பாதி செருகியிருந்தது. அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் அவர் உள்ளே வந்தார்.

"அத்தத் தொட்டா கைய ஒடச்சிடுவேன். எவிடென்ஸ்! அது பாட்டுக்கு ஓடட்டும். இன்னாமா, யாரு இத்த எழுதுனது?"

"நான்தான் மேடம். ஆனா..."

"ஜி.எம். எங்க கீறாரு?"

யாருக்கும் தெரியவில்லை. அவர் கார் பார்க்கிங்கில் நின்றது. கேபின் காலி. போன் அணைந்திருந்தது.

"வனமாமலை?"

அவரையும் காணோம்!

ஜோதி இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"செத்தவன் பேரு, கொன்னவன் பேரு, எடம்... எல்லாத்தையும் எழுதி வச்சிக்கினு ஜாலியா பொங்கல் துன்னுக்கினு இருந்திருக்க!"

"மேடம், அது சும்மா மாதிரிக்கு எழுதினது!"

"மாதிரிக்கே ஒரு ஜி.எம்.மு காலி. நெசமா எழுதுனா ஊரே காலியாயிடும் போலயே! ஏறு ஜீப்புல!"

யதுகிரிக்கு எல்லாம் கண்முன் ஓடியது. கோயில் தெருவில் ஜீப் போகும். அப்பா கையில் தீர்த்தச் சொம்போடு நின்று பார்ப்பார். உள்ளே மகள்! அந்த நினைப்பே அவளை உலுக்கியது.

உலுக்கியதில் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

"மேடம்! நான் பேரே எழுதலையே!"

"இன்னா?"

"என் கதைல செத்தவனுக்கும் பேர் கிடையாது, கொன்னவனுக்கும் பேர் கிடையாது. ஒரு தடவை செக்யூரிட்டி ஆபீசர் பேரைப் போட்டுட்டேன், அவர் என்னை வெயில்ல கேட்லயே நிக்க வெச்சார். அதுலேர்ந்து பேர் வர பெட்டியைக் காலியாத்தான் விடுவேன்!"

"அப்ப டி.வி.ல பேரு எப்டி வந்துச்சு?"

எல்லோர் கண்ணும் லேப்டாப் மேல் விழுந்தது.

"அதுகிட்டயே கேட்டுருவோம்," என்று இசக்கிதுரை தட்டினான்.

*ரகுபதி என்ற பெயரை எங்கிருந்து எடுத்தாய்?*

பதில் நொடியில் வந்தது. பணிவு வழிந்தது.

*மிக நல்ல கேள்வி! 'பிணம்' என்பதற்கு எதிரே பெட்டி காலியாக இருந்தது. டிசைனர் அந்தப் பெட்டிக்குத் திரையில் தெரியாமல் டிசைன் கோப்பில் வைத்திருந்த பெயர்: 'உள்ளே போய் இன்னும் வெளியே வராதவர்'. 'கொலையாளி' பெட்டியின் பெயர்: 'அங்கிருந்து கடைசியாக வெளியே வந்தவர்'. கிடங்குக் கதவில் யார் யார் அட்டை தேய்த்தார்கள் என்ற பதிவில் தேடி இரண்டையும் நிரப்பினேன். கத்தியின் நிழலையும் கொஞ்சம் அழகுபடுத்தியிருக்கிறேன்.*

"இன்னாமா சொல்லுது இது?"

"அது அவசரப் பலகை மேடம்! தீப்பிடிச்சா உள்ளே யார் மாட்டியிருக்கா, யாரைக் கேட்டா விவரம் தெரியும்னு காட்டறதுக்கு. பெட்டிக்கெல்லாம் உள்ளே ஒழுங்கா பேர் வெச்சிருந்தேன். மேலே தெரியற எழுத்துலதான் கதை..."

யதுகிரி பாதியில் நிறுத்தினாள்.

"அப்படின்னா... ஜி.எம். நிஜமாவே அந்தக் கிடங்குக்குள்ளதான்..."



அப்போதுதான் செக்யூரிட்டி ஒருவரைத் தரதரவென்று இழுத்து வந்தார். சட்டை கசங்கி, டை தோளில் ஏறியிருந்தது.

வனமாமலை!

"சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோல ஒளிஞ்சிக்கினு இருந்தாரு மேடம்! இன்னும் ரெண்டு பேரு ஏறுனாத்தான் எடுப்பேன்னு டிரைவர் நிறுத்தி வச்சிருந்தான். அதனால மாட்டுனாரு!"

வனமாமலை கைகூப்பினார்.

"நான் கொல்லலை மேடம்! சத்தியமா கொல்லலை! பூட்ட மட்டும்தான் செஞ்சேன்!"

"சாவியக் குடுய்யா!"

ஓடினார்கள்.

ஆடிட் நாளுக்கு வேண்டிய ஃபோமை முந்தின நாளே லைனுக்குக் கொண்டுபோய்விட்டதால் கிடங்குப் பக்கம் ஈ காக்கை இல்லை. கதவில் பெரிய பூட்டு. பூட்டைத் திறந்தாலும் அட்டையைத் தேய்த்தால்தான் உள்ளே விடும். ஓர் அட்டைக்கு ஓர் ஆள்!

ஜோதி தன் பார்வையாளர் அட்டையைத் தேய்த்தார். பச்சை விளக்கு.

"நீயும் வாம்மா. உன் கதைதான!"

யதுகிரியும் தேய்த்தாள். வனமாமலையையும் இசக்கிதுரையையும் செக்யூரிட்டி வெளியே நிறுத்திக்கொண்டார்.

உள்ளே அரை இருட்டு. இரு பக்கமும் மலைமலையாக ஃபோம்.

"மேடம்... அங்கே..."

இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. அசைவில்லை!

ஜோதி லத்தியை நீட்டினார். பாதத்தில் லேசாக ஒரு குத்து.

"கொர்ர்ர்..."

பிணம் குறட்டை விட்டது!

இன்னொரு குத்து. ரகுபதி எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். பிரிக்காத தயிர்சாதப் பொட்டலம்.

"ஆடிட் முடிஞ்சுதா?"

"யோவ், இந்தப் பொண்ணு எழுதுன கதைய மெஷினு டி.வி.ல போட்டு, நீ இங்க செத்துக் கெடக்கறன்னு ஊரே அழுவுது! யாரு உன்ன உள்ள வச்சுப் பூட்னது?"

"வனமாமலை."

"இன்னாத்துக்கு?"

"நான்தான் பூட்டச் சொன்னேன்." ரகுபதி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குப் பொய் சொல்ல வராது மேடம். சின்ன வயசிலேர்ந்தே வியாதி மாதிரி. போன ஆடிட்ல அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, கேக்காத பத்துக்கும் சேர்த்து நான் பதில் சொல்லிட்டேன். கம்பெனி தப்பிச்சதே பெரிசு. அதான் இந்தத் தடவை வனமாமலைகிட்ட போனையும் குடுத்துட்டு, என்னை எங்கேயாவது பூட்டி வைய்யான்னேன். மெத்துனு இருக்கும்னு இங்கே..."

"அப்ப அந்தாளு ஏன் ஓடுனாரு?"

"டி.வி.ல கொலையாளின்னு போட்டா நீங்க நிப்பீங்களா?" என்று வெளியிலிருந்து வனமாமலை கத்தினார்.

கிடங்கின் மறுகோடியில் கரகரவென்று சத்தம்.

லாரி ஏற்றும் ஷட்டர் மேலே போனது. வெயில் உள்ளே கொட்டியது. வெயிலோடு ஒட்டுமொத்த ஷிஃப்டும் எட்டிப் பார்த்தது. முன்னால் ஆடிட்டர் ஜயஸ்ரீ!

ரகுபதி சட்டென்று திரும்பப் படுத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க ரகுபதி சார், பார்த்துட்டேன். எல்லா டி.வி.லயும் நீங்க செத்துப் போயிருக்கீங்க. என்ன இது? ஏதோ அவசரகாலப் பயிற்சிதானே?"

வழி தானாகத் திறந்திருந்தது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். கம்பெனி பிழைக்கும். யதுகிரியும் பிழைப்பாள்.

கதவுப் பக்கமிருந்து வனமாமலை, 'ஆமான்னு சொல்லுங்க' என்று கழுத்து சுளுக்குமளவுக்குத் தலையாட்டினார்.

யதுகிரி பெருமாளை வேண்டிக்கொண்டாள். இந்த ஒரு தடவை மட்டும் இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு பொய்!

ரகுபதி கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

"இல்லை."

போச்சு!

"பயிற்சியெல்லாம் இல்லை மேடம். இந்தப் பொண்ணு வேலை நேரத்துல கொலைக்கதை எழுதுறா. வெளியே நிக்கறானே அந்தப் பையன், அதைச் சரிபார்க்காம மெஷின்கிட்ட விட்டிருக்கணும். நான் உங்களுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்தேன்."

வனமாமலை நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஆனா மேடம்..." ரகுபதியின் குரல் மாறியது. "போன தடவை நீங்க கேட்டீங்க. தீப்பிடிச்சா உள்ளே மாட்டிக்கிட்டது யாருன்னு எப்படித் தெரியும்னு. தெரியாதுன்னேன். அதுதான் உண்மை. இன்னிக்கு நான் இங்கே இருக்கறது வனமாமலைக்கு மட்டும்தான் தெரியும். அவரும் ஓடிட்டார். பூட்டு வெளியே. சுத்தி ஃபோம். ஒரு பொறி போதும். நான் இங்கேதான் இருக்கேன்னு சொன்னது அந்த டி.வி. ஒண்ணுதான்."

யாரும் சிரிக்கவில்லை. ரகுபதியே அப்போதுதான் அதை முழுசாக உணர்ந்ததுபோல் ஃபோம் அடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

ஜயஸ்ரீ திரும்பினார்.

"பலகையை வரைஞ்சது நீயா?"

"ஆமா மேடம்."

"பெட்டிகள் அப்படியே இருக்கட்டும். கத்தியை எடுத்துடு."

"பிணம்ங்கற வார்த்தை...?"

"அதையும்தான்மா! பூட்டினதைப் பத்தித் தனியா பேசிக்கறேன், வனமாமலை. பலகைக்கு முழு மார்க்."

யதுகிரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதாள். வெட்கமாகவே இல்லை.

ஷட்டர் வழியாகவே கூட்டத்தோடு வெளியே வந்தார்கள். ரகுபதி மட்டும் தயிர்சாதத்தோடு கதவுப் பக்கம் திரும்பி நடந்தார்.

"அட்டை தேய்க்காம வெளியே போனா விதிமீறல். நீங்க போங்க, நான் வரேன்."

கேன்டீனில் ஜோதிக்கு டீ வந்தது. சூடாகத்தான் வந்தது. அவர் நாற்காலியை யதுகிரி பக்கம் நகர்த்தினார். குரல் தாழ்ந்தது.

"அது கெடக்கட்டும்... உன் கதைல நெசமான கொலகாரன் யாரு? காலியா வுட்டுட்டா எனக்கு ராத்திரி எப்டி தூக்கம் வரும்?"

"இன்னும் முடிவு பண்ணலை மேடம்."

"ஐயய்யோ... கொலை! கொலை!"

மறுபடியும் இரண்டாவது லைன்!

இருவரும் டி.வி.யைப் பார்த்தார்கள்.

'ஃபோம் கிடங்கில் பிணம்!
பிணம்: ஜோதி, இன்ஸ்பெக்டர். யதுகிரி, டிசைனர்.
கொலையாளி: ரகுபதி, ஜெனரல் மேனேஜர்.
இனி தப்ப முடியாது!'

வாசலில் வந்துகொண்டிருந்த ரகுபதியின் கையிலிருந்து தயிர்சாதம் நழுவியது.

"நான் பண்ணலை! நான் பொய்யே சொல்ல மாட்டேன்னு உங்களுக்கே தெரியும்!"

"டேய்! இதை ஏன்டா இன்னும் நிறுத்தலை?" என்று யதுகிரி கத்தினாள்.

"இவங்கதானே எவிடென்ஸ், தொடாதேன்னாங்க!" இசக்கிதுரை தலையைச் சொறிந்தான். "நீங்க ரெண்டு பேரும் கதவு வழியா போயி ஷட்டர் வழியா வந்துட்டிய. அட்டை தேய்ச்சு வெளிய வந்தது இவரு ஒருத்தர்தாம்லா!"

ஜோதிக்கு எதுவும் காதில் விழவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். வெப்கேம் போட்டோ அரைச் சுவருக்கு விரிந்திருந்தது. திறந்த வாய். செருகிய கண். அவரோடு ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த கான்ஸ்டபிள் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"கொலைய வேணா வுட்டுர்றேன்... அந்த போட்டோவ மொதல்ல தூக்குங்கய்யா! எங்க வூட்ல பாத்தா, நெசந்தான்னு மாலைக்கே ஆர்டர் குடுத்துடுவாங்க!"