பத்து எழுத்து ரகசியம்

மகேஷ் எங்கள் வீட்டுப் பையன். அதற்காக அவனைப் புகழப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

தியாகராய நகரில் அவன் அப்பா நல்லசிவம் துணிக்கடை வைத்திருக்கிறார். நேர் எதிரே ஷரீஃபின் துணிக்கடை. இரண்டு கடைக்கும் எப்போதும் போட்டிதான். ஷரீஃபின் மகள் சிம்ராவும் மகேஷும் ஆறாம் வகுப்பு. அடையாறில் உள்ள பள்ளிக்கு ஒரே வேனில் போகிறவர்கள்.

வேன் நெரிசலில் நின்றால் விளையாட்டு தொடங்கிவிடும். முன்னால் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டில் நடுவில் இருக்கும் இரண்டு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டும் வருகிற நீளமான ஆங்கில வார்த்தையைச் சொல்ல வேண்டும். நீளமாகச் சொன்னவருக்கு வெற்றி. கணக்கு எழுதுவது மகேஷ்.

அந்த வெள்ளிக்கிழமை தேனாம்பேட்டை சிக்னலில் கிடைத்த எழுத்துகள் பி, கே.

"பிரேக்ஃபாஸ்ட்! ஒன்பது எழுத்து!" என்று கத்தினான் அதே வேனில் வரும் ஸ்ரீகிருஷ்ணா. "எவனாவது இதைத் தாண்டுங்க பார்க்கலாம்!"

"பிளாக்ஸ்மித்! பத்து!" என்றாள் சிம்ரா. சொன்ன வேகத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகேஷ் எழுதிப் பார்த்தான். பத்து எழுத்து. ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. அவன் பென்சில் நின்றுவிட்டது.

துணிக்கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. துணியை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை எண்ணால் எழுதமாட்டார்கள். துணியோடு இருக்கும் விலைச் சீட்டில் எழுத்தால் எழுதுவார்கள். அதற்கு ஒவ்வொரு கடைக்கும் ஒரு ரகசிய வார்த்தை இருக்கும். அதன் பத்து எழுத்தும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்கள். அதனால் ஓர் எழுத்து இரண்டு முறை வரக் கூடாது. வீட்டாரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. போட்டிக் கடைக்குத் தெரிந்தால் போச்சு! சீட்டைப் பார்த்தே வாங்கிய விலையைப் படித்துவிடுவார்கள்.

சிம்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. மகேஷ் அந்தத் தாளைக் கிழித்துச் சுருட்டிப் பையில் போட்டான்.

"டேய், என் பாயின்ட் அதுல இருக்குடா!" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

"உனக்கே பத்து பாயின்ட். பேசாம வா."

சாயங்காலம் வீட்டில் டிபன் சாப்பிடும்போது நல்லசிவம் பெருமூச்சு விட்டார். "எதிர்க்கடைக்காரன் அந்த நீலச் சேலைய எப்படித்தான் அந்த விலைக்குக் கொடுக்கானோ! வாங்கின விலை மட்டும் தெரிஞ்சா..."

மகேஷுக்குப் புரையேறியது. வாயைத் திறந்தால் வார்த்தை வெளியே குதித்துவிடும் போலிருந்தது. அதனால் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஏலே, தொண்டை கட்டிருக்கா?" என்றார் அம்மா சுந்தரவல்லி. பதிலுக்குக் காத்திராமல் ஒரு டம்ளர் கஷாயம் போட்டுக் கொடுத்தார். ரகசியத்தோடு சேர்த்து அதையும் விழுங்கினான்.

இப்படி எத்தனை நாளைக்கு? என்றாவது ஒரு நாள் வாய் தவறிவிடும். அப்புறம் சிம்ராவின் கதி?

மறுநாள் காலை கடை திறந்ததும் மகேஷ் தெருவைக் கடந்தான். ஷரீஃப் துணி அளந்துகொண்டிருந்தார்.

"வா நைனா! இன்னா, அப்பா அனுப்புனாரா?"

"இல்ல மாமா. உங்க கடை வார்த்தை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாத்திடுங்க."

ஷரீஃப் சிரித்தார். "எந்த வார்த்தைப்பா?"

மகேஷ் அவர் காதில் சொன்னான். அவர் சிரிப்பு மறைந்தது. அளவுகோல் கீழே இறங்கியது.

"யார் சொன்னது?"

மகேஷ் தரையைப் பார்த்தான். துணிக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து சிம்ரா வந்தாள்.

"நான்தான் அத்தா. ஜெயிக்கணும்ங்கிற அவசரத்துல வாய்ல வந்துருச்சு. நேத்திலேர்ந்து சொல்லணும்னு பார்த்தேன். பயமா இருந்துது."

ஷரீஃப் அளவுகோலை ஓரமாக வைத்தார். பிறகு மகேஷிடம் கேட்டார். "உங்க அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"எங்க அப்பா உங்கள நேரா நின்னே ஜெயிப்பாரு மாமா. இது வேணாம்."

ஷரீஃப் கடை அதிரச் சிரித்தார். "பாரேன்! உதவியும் பண்ணிட்டு சவாலும் வுடறான்!" மகளின் தலையில் கை வைத்தார். "அழுவாத. சீட்டு பூரா நீதான் புதுசா எழுதப்போற. அதான் உனக்குத் தண்டனை."

"எழுதறேன் அத்தா!" என்றாள் சிம்ரா. தண்டனைக்கு இவ்வளவு மகிழ்ந்தவளை மகேஷ் பார்த்ததில்லை.

"ஆனா புது வார்த்தைக்கு எங்க போறது? பிரியாணி?"

"அதுல ஐ மூணு தடவை வருது மாமா."

"தேனாம்பேட்டை?"

"ஈ ரெண்டு, டி ரெண்டு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அட போங்கப்பா! நீங்களே சொல்லுங்க."

இருவரும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தார்கள். வேன் விளையாட்டைவிட இது கடினம். நீளமாக இருந்தால் போதாது; சரியாகப் பத்து வேண்டும். பிளேகிரவுண்ட் வந்தது. டிராம்போலின் வந்தது. பைனாகுலர்ஸ் வந்தது. மதியத்துக்குள் ஏழு வார்த்தைகள் சேர்ந்துவிட்டன.

ஷரீஃப் தாளை வாங்கினார். ஒன்றைத் தேர்ந்து அதன் மேல் பென்சிலை வைக்கப்போனார்.

"நில்லுங்க மாமா!" மகேஷ் துள்ளி எழுந்தான். "நான் போயிடறேன், அப்புறம் வைங்க!"

கண்ணை இறுக மூடிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். கதவில் இடித்துக்கொண்டான். வெளியே வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தான். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. தெருவே கேட்கும்படி, "அப்பாடா!" என்றான்.

அந்த ஏழில் எது புது வார்த்தை? மகேஷுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நல்லசிவம் இன்றைக்கும் அந்த நீலச் சேலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து மகேஷ் நிம்மதியாக இட்லி சாப்பிடுகிறான்.