இரண்டுக்கும் ஒரே ஆடு

சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியபோதுதான் சவ்கி அதைக் கவனித்தான். தலைக்கு மேலிருந்த கண்ணாடியில், பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவி இன்ஸாஃபின் முகம் இரண்டாகத் தெரிந்தது. என்ஜின் உதறியதில் கண்ணாடியும் உதறியது. வேகமாக ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, வேகம் குறைந்தாலோ நின்றாலோ குளிர்ஜுரம் கண்டவனைப் போல வண்டி நடுங்கியது. ஆனால் அவள் மடியில் கிடந்த மகள் ரீம் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் அந்த நடுக்கம் சட்டென்று நின்றுபோனது.

எகிப்தின் கார்காவிலிருந்து அஸ்யூத் ஆஸ்பத்திரிவரை வெறும் பாலைவனம். கம்சீன் காற்று மண்ணை அள்ளி இறைத்து மத்தியான வெயிலைப் பழுப்பாக்கியிருந்தது. சாலை தெரியாததால் ஊர்ந்துதான் போக முடிந்தது. ஊர்ந்தால் அந்தப் பழைய டாக்ஸி உதறியது, உதறி உதறி ஓர் இடத்தில் அணைந்தே போனது. கெட்ட நேரம் தனியாகவா வரும்?

"அபூ ரீம், ஏன் நின்னுடுச்சு?" ரீமின் அப்பா என்றுதான் இன்ஸாஃப் அவனைக் கூப்பிடுவாள்.

"ரெண்டு நிமிஷம் இரு, பாத்துடறேன்."

"ஒங்க ரெண்டு நிமிஷத்தப் பத்தி எனக்குத் தெரியாதா? பிள்ள மூச்சு விட முடியாம தவிக்கிறா. சீக்கிரம்!"

தலைத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினான். எப்படியோ மறுபடி கிளப்பி, அது உதறிக்கொண்டே ஓட, பானெட்டைத் தூக்கினான். சூடான ஆயிலும் வெந்த ரப்பரும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. பிளக் ஒயர்களைத் துணியால் பிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினான். பிடுங்கியதும் என்ஜின் தொய்ந்தால் அந்த சிலிண்டருக்கு உயிர் இருக்கிறது, தொய்யாவிட்டால் அதுதான் செத்தது. எதைப் பிடுங்கினாலும் தொய்ந்தது. ஆக, செத்தது என்று எதுவும் இல்லை.

அப்போதுதான் காற்றின் இரைச்சலுக்கு அடியில் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய 'ஸ்ஸ்'. ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. கார்புரேட்டருக்குக் கீழே போகும் ரப்பர் டியூபில் விரல் நுனி அளவுக்கு ஒரு வெடிப்பு. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. வெளிக்காற்றை உறிஞ்சினால் எந்த என்ஜினும் உதறத்தான் செய்யும். கட்டைவிரலால் வெடிப்பை அடைத்தான். பால் குடிக்கும் குழந்தையின் வாய் போல அது விரலைக் கவ்வி இழுத்தது. நடுக்கம் நின்றது. என்ஜின் வெண்ணெயாய் ஓடியது.

பின்சீட்டிலிருந்து இன்ஸாஃப் அலறினாள்.

"மூச்சு நின்னுடுச்சு! அபூ ரீம், பிள்ளைக்கு மூச்சில்ல!"

பதறி விரலை எடுத்தான். 'ஸ்ஸ்' என்றது டியூப். வண்டி உதறியது. உள்ளே ரீம் ஒரு பெரும் இழுப்பு இழுத்து இருமினாள்.

ஒரு தடவை நடந்தால் தற்செயல். வண்டியைத் தொட்டுப் பழகியவன் இரண்டாவது தடவையும் பார்த்துவிடுவான், அந்தப் பாழாய்ப்போன பழக்கம் அவனையும் விடவில்லை. மறுபடி அடைத்தான். மறுபடி அலறல். எடுத்தான். இருமல்.

ரீம் பிறந்த ஏழாம் நாள் நினைவுக்கு வந்தது. அந்த வாரம்தான் இந்த வண்டியையும் வாங்கியிருந்தான். பிள்ளை பிறந்ததற்கு அகீகா என்று ஓர் ஆட்டை அறுக்க வேண்டும். புதிதாக வாங்கிய வண்டிக்கும் ஒன்றை அறுத்து, ரத்தத்தில் கையை நனைத்துப் பானெட்டில் பதிக்க வேண்டும். கஞ்சன் சவ்கி ஒரே ஆட்டைக் கொண்டுவந்தான். "எதுக்குப்பா இது, பிள்ளைக்கா, வண்டிக்கா?" என்று கேட்டார் அறுக்க வந்தவர். "ரெண்டுக்குந்தான். அல்லாவுக்குக் கணக்குத் தெரியாதா?" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. ஒரு உயிர் கொடுத்து இரண்டு உயிர் வாங்கிய அன்றிலிருந்து வண்டி ஒரு நாளும் ஒர்க்‌ஷாப் போனதில்லை. பிள்ளைதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். வண்டியாவது நன்றாக ஓடுகிறதே என்று அவன் பெருமைப்பட்டதும் உண்டு.

என்ஜினை அணைத்துவிடலாமா? அணைத்தால் அவளுக்கு என்ன ஆகும்? சாவி பக்கம் கை போகவில்லை.

புழுதிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் வந்தன. சிமெண்ட் லாரி. வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே தடித்த டிரைவர் ஒருவர் இறங்கினார்.

"என்ன உஸ்தா, கெழவி மக்கர் பண்றாளா?"

"அண்ணே, கும்பிட்டுக் கேக்கறேன், என் பிள்ளைய ஆஸ்பத்திரில சேத்துடுங்க. ஒங்க லாரில."

"அதுக்கென்ன, தாராளமா ஏத்து."

சவ்கி பின்கதவுக்கு ஓடினான். இன்ஸாஃப் பிள்ளையை விடவில்லை.

"அந்த லாரிலயா? புகையும் சிமெண்டுமா இருக்கு. செத்தே போயிடுவா!"

"சொன்னா கேளு. இந்த வண்டி வேணாம்."

"ஏன் வேணாம்?"

ரீமின் கைக்கு அடியில் கையை நுழைத்தான். இன்ஸாஃப் தள்ளினாள். மறுபடி நுழைத்தான். மறுபடி தள்ளினாள்.

உதறல் நின்றது.

கதவு நடுங்கவில்லை. சீட் நடுங்கவில்லை. கண்ணாடி நடுங்கவில்லை.

முன்னாலிருந்து லாரி டிரைவரின் குரல் உற்சாகமாக வந்தது.

"டியூப்தான் வெடிச்சிருக்கு உஸ்தா! பழைய டயர் டியூப வெட்டிச் சுத்தி, கம்பி போட்டு முறுக்கிட்டேன். இனி அதுவா நெனச்சாலும் அவுழாது. கைய வச்சுப் பாரு, நடுக்கமே இல்ல!"

சவ்கி முன்னால் பாய்ந்தான். கம்பியில் நகம் நுழையவில்லை. நகம் பிய்ந்தது. கம்பி அசையவில்லை. டிரைவர் வாயைப் பிளந்து நின்றார்.

"ஏய், நல்லா ஓடறதப் போய்... பைத்தியமா ஒனக்கு?"

சாவி. ஓடினான். திருகினான். பிடுங்கினான்.

என்ஜின் நிற்கவில்லை.

பின்னால் இன்ஸாஃப் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லா, இழுப்பு அடங்கிடுச்சு. தூங்கிட்டா. மெதுவா ஓட்டுங்க, முழிச்சுக்கப் போறா."

அவன் திரும்பவில்லை. டாஷ்போர்டின் காற்றுத் துளையிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ முகத்தில் பட்டது. பட்டது, நின்றது, மறுபடி பட்டது. காலையில் இன்ஸாஃப் பிள்ளையின் நெஞ்சில் தேய்த்த கருஞ்சீரக எண்ணெயின் வாசனை அதில் இருந்தது.